விசா வேண்டாமாம், பணம் மட்டும் கட்டணுமாம்

கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் இருந்தால் பிரிட்டனுக்கு விசா தேவையில்லை என்கிறார்கள். சரி. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் ஈடிஏ என்ற முன் அனுமதியை இணையத்தில் வாங்கியாக வேண்டும். ஆரம்பத்தில் 10 பவுண்ட். அந்த ஏப்ரலிலேயே 16 ஆக்கிவிட்டார்கள். கைக்குழந்தைக்கும் அதே கட்டணம், சலுகை கிடையாது.

பேத்தி கல்யாணத்துக்கு லண்டன் போகும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். ஆப்பை இறக்கி, பாஸ்போர்ட்டைப் படமெடுத்து, அதன் மேல் ஃபோனை வைத்து சிப் படிக்கும்வரை மெல்ல நகர்த்தி, அப்புறம் முகத்தை வேறு ஸ்கேன் செய்யணும். யாராவது கூட உட்கார்ந்து செய்து கொடுத்தால்தான் உண்டு. கூகுளில் தேடினாலோ, அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்ட இடைத்தரகர்கள் கூடுதல் பணம் பிடுங்கக் காத்திருக்கிறார்கள்.

அனுமதி 2 வருஷம் செல்லும். நடுவில் பாஸ்போர்ட் மாறினால் அதுவும் போச்சு, மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். ஆள் அதே ஆள், விவரம் எல்லாம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. புது எண்ணுக்கு மாற்றிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?