வெங்கர் 2017 மே மாதமே விடைபெற்றிருக்க வேண்டும்

லண்டன் கால்பந்து கிளப்பான அர்செனலின் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வெளியே, 2018 வரை அதன் மேலாளராக இருந்த ஆர்சென் வெங்கருக்கு 2023-ல் சிலை வைத்தார்கள். வைக்க வேண்டிய சிலைதான். மூன்று லீக் பட்டம், ஏழு எஃப்ஏ கோப்பை, 2003-04-ல் 38 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காத அணி. ஆனால் அந்தச் சிலையைக் காட்டி, "இவரையா போகச் சொன்னீர்கள், நன்றி கெட்டவர்களே" என்று 2017-ல் அட்டை பிடித்த ரசிகர்களைத் திட்டுவது நியாயமில்லை. அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதில் பாதி தப்பான இடத்தில் போய் விழுந்தது, அவ்வளவுதான்.

அப்போது எல்லோரும் சொன்ன குற்றச்சாட்டு, "கஞ்சத்தனம். காசை எடுத்துச் செலவு செய்ய மாட்டார்." 2015 கோடையைப் பற்றி என்றால் அது சரி. அந்தக் கோடையில் அர்செனல் முதல் அணிக்கு வாங்கியது கோல்கீப்பர் பீட்டர் செக் ஒருவரைத்தான். களத்தில் ஓடி ஆட ஒரு ஆள்கூட வரவில்லை. அந்த சீசனில் பெரிய கிளப்கள் எல்லாம் தடுமாற, லெஸ்டர் 81 புள்ளியோடு பட்டம் வாங்கியது. அர்செனல் 71 புள்ளியோடு இரண்டாம் இடம். அப்படியொரு வாய்ப்பு திரும்ப வராது. ஆனால் அடுத்த கோடையிலேயே நடுக்கள ஆட்டக்காரர் ஷாகாவுக்கும் தடுப்பாட்டக்காரர் முஸ்தாஃபிக்கும் தலா 35 மில்லியன் பவுண்டு அளவுக்குக் கொட்டினார்கள். காசு வந்தது, ஓட்டை மட்டும் அடைபடவில்லை. ஏனென்றால் ஓட்டை இருந்தது வேறு இடத்தில்.

2016 அக்டோபர் 19, பல்கேரிய கிளப் லுடோகோரெட்ஸுடன் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம், அதாவது ஐரோப்பாவின் முன்னணி கிளப்கள் மோதும் போட்டி. 6-0 வெற்றி. அந்த வெற்றியில்தான் அர்செனலின் சீசன் முடிந்தது என்பேன். நடுக்கள ஆட்டக்காரர் சான்டி கசோர்லாவுக்குக் கணுக்காலில் அடி. அதன் பிறகு அவர் அர்செனலுக்கு ஆடவே இல்லை. அவர் செய்த வேலை டிவியில் பெரிதாகத் தெரியாது. சென்டர் பேக்குகளிடமிருந்து, அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களிடமிருந்து பந்தை வாங்குவார், இரண்டு காலிலும் ஒரே மாதிரி திரும்புவார், அழுத்த வரும் முதல் ஆளைக் கழற்றிவிட்டு, கோல் வாய்ப்பை உருவாக்கும் ஓசிலுக்குக் கொடுப்பார். அவர் போனதும் அந்த இடத்தில் கோக்லான், எல்நேனி, ஷாகா என்று மாறி மாறி வந்தார்கள். மூவரில் யாருக்கும் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கித் திரும்பும் திறமை கிடையாது. எதிரணி இதைச் சீக்கிரம் கண்டுபிடித்தது. சென்டர் பேக்கை விட்டுவிட்டு நடுக்கள ஆளை மட்டும் நெருக்கினால் போதும்.

இதற்கு மேல் இன்னொன்று. பெல்லரினும் மொன்ரேயாலும், அதாவது இரு ஓரத்தையும் காக்கும் இரண்டு ஃபுல் பேக்கும், ஒரே நேரத்தில் மேலே ஏறுவார்கள். பந்து பறிபோனால் பின்னால் நிற்பது இரண்டு சென்டர் பேக், முன்னால் தனியாக ஷாகா. ஷாகா நீளமாகப் பாஸ் போடுவதில் கெட்டிக்காரர், ஓடிப் பிடிப்பதில் மெதுவானவர். மைதானத்தின் பாதியை அவரிடம் காவலுக்குக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? சட்டையைப் பிடித்து இழுப்பார், நடுவரிடம் அட்டை வாங்குவார். ரசிகர்கள் ஷாகாவைத் திட்டினார்கள். அந்த இடத்தில் அவரை நிறுத்தியது யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

விளைவு டிசம்பரில் வந்தது. எவர்ட்டனிடமும் மான்செஸ்டர் சிட்டியிடமும் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு தோல்வி. இரண்டிலும் முதல் கோல் அர்செனல் அடித்தது, இரண்டிலும் 2-1 என்று தோற்றது. பிப்ரவரியில் சாம்பியன்ஸ் லீக், மியூனிக்கில் பாதி நேரத்தில் ஜெர்மன் கிளப் பயர்னோடு 1-1. சென்டர் பேக் கோசியெல்னி அடிபட்டு வெளியேறினார், அடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் மூன்று கோல். முடிவு 5-1. லண்டனிலும் 5-1. மொத்தம் 10-2. தொடர்ந்து ஏழாவது ஆண்டாகக் கடைசி 16 அணிகளின் சுற்றிலேயே வெளியேற்றம். பழைய குருடி, கதவைத் திறடி.

மார்ச் 18, வெஸ்ட் பிராம். மைதானத்துக்கு மேலே இரண்டு விமானம் பறந்தது. ஒன்றின் பின்னால் கான்ட்ராக்ட் வேண்டாம், வெங்கர் வெளியேறு என்ற பேனர், இன்னொன்றில் அவரை நம்புகிறோம் என்ற பேனர். உலகம் விமானத்தைப் பார்த்தது. கீழே நடந்ததுதான் முக்கியம். கிரெய்க் டாசன் கார்னரிலிருந்து தலையால் ஒன்று போட்டார், பிறகு இன்னொரு கார்னரிலிருந்து இன்னொன்று. ஒரே ஆட்டத்தில், ஒரே ஆள், ஒரே மாதிரி. கார்னரில் ஓடி வருகிறவனை நின்ற இடத்தில் குதித்து ஜெயிக்க முடியாது. ஓட்டத்தை வழியிலேயே மறிக்க ஒரு ஆள் வேண்டும். பயிற்சித் திடலில் சரிசெய்யக்கூடிய வேலை இது. 3-1 தோல்வி.

ஏப்ரலில் கிரிஸ்டல் பேலஸ் 3-0 என்று அடித்த பிறகுதான் வெங்கர் அசைந்தார். மிடில்ஸ்பரோவில் மூன்று சென்டர் பேக்கோடு இறக்கினார், இருபது ஆண்டில் அவர் தொடாத வடிவம். ஃபுல் பேக் ஏறினாலும் பின்னால் மூன்று பேர் நிற்பார்கள், ஷாகா பக்கத்தில் ராம்சே இருப்பார். டாட்டனமிடம் ஒரு தோல்வியைத் தவிர மற்றதெல்லாம் சரியாக வந்தது. கடைசி ஐந்து லீக் ஆட்டமும் வெற்றி. எஃப்ஏ கோப்பை இறுதியில், அந்த சீசனில் ஒரு ஆட்டத்தைக்கூட முதலில் இருந்து ஆடாத சென்டர் பேக் மெர்டசாக்கர் நடுவில் நின்று, சாம்பியன் செல்சியை 2-1 என்று மடக்கினார்கள்.

லீக்கில் 75 புள்ளி. நான்காம் இடத்து லிவர்பூல் 76. ஒரே புள்ளி. வெங்கர் காலத்தில் முதல் முறையாக முதல் நான்கு இடத்துக்கு வெளியே, அதனால் சாம்பியன்ஸ் லீக்கிலும் இடமில்லை. 22 ஆண்டுக்குப் பிறகு முதல் முறையாகப் பக்கத்து ஊர்ப் பகையாளி டாட்டனம் மேலே. ஏப்ரலில் செய்ததை டிசம்பரிலேயே செய்திருக்கலாமே என்றுதான் ரசிகன் கேட்டான். அதற்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை.

கோப்பையைத் தூக்கிய கையோடு கிளம்பியிருந்தால் ராஜமரியாதை. மே 31-ல் இரண்டு ஆண்டுக்குப் புதிய கான்ட்ராக்ட் என்று அறிவித்தார்கள். இங்கேதான் கோபம் முதலாளி குரோன்கே மீதும் நிர்வாகி கசிடிஸ் மீதும் இன்னும் அதிகம் போயிருக்க வேண்டும். துணைத் தலைவர் டேவிட் டீன் 2007-ல் போன பிறகு, வெங்கரிடம் கால்பந்து தெரிந்து "இது வேண்டாம்" என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. ஆள் எடுப்பது, விற்பது, கான்ட்ராக்ட், பயிற்சி எல்லாம் ஒருவர் தலையில்.

கான்ட்ராக்ட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டக்காரருக்கு இரண்டு ஆண்டு மிச்சம் இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் விற்க வேண்டும். ஒரு ஆண்டுதான் மிச்சம் என்றால் விலை விழும். கடைசி ஆறு மாதத்தில் வெளிநாட்டு கிளப்போடு அவரே கையெழுத்துப் போட்டுவிடலாம், கிளப்புக்குச் சல்லிக்காசு வராது. 2011-ல் நஸ்ரி, 2012-ல் வான் பெர்சி, இருவரும் ஒரு ஆண்டு மிச்சத்தில் போனவர்கள். வான் பெர்சி போன இடத்தில் 26 லீக் கோல் அடித்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் பட்டமே வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு பட்டும் 2017 கோடையில் நட்சத்திரங்கள் சான்செஸ், ஓசில் இருவருக்கும் ஒரே நேரத்தில் கடைசி ஆண்டு. சான்செஸுக்கு சிட்டி பேசிய 60 மில்லியன் பவுண்டு கடைசி நாளில், பதிலுக்கு மொனாகோவிலிருந்து லெமார் வராததால் நின்றுபோனது. ஜனவரியில் சான்செஸை மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கொடுத்து மிகிதாரியனை வாங்கினார்கள், பணம் எதுவும் கைமாறவில்லை.

2017-18 நீட்டிப்பின் பலன். ஆறாம் இடம், 63 புள்ளி. அதில் 47 சொந்த மைதானத்தில், வெளியூரில் வெறும் 16. புத்தாண்டுக்குப் பிறகு வெளியூர் லீக் ஆட்டத்தில் வரிசையாக ஏழு தோல்வி, கடைசி நாளில்தான் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு வெற்றி.

அந்த மார்ச்சில் சிட்டிக்கு எதிரே எமிரேட்ஸில் காலி நாற்காலி வரிசை வரிசையாகத் தெரிந்தது. அறிவித்த எண்ணிக்கையோ 58,000-க்கு மேல். பொய்யில்லை. அவர்கள் எண்ணுவது விற்ற டிக்கெட்டை, உட்கார்ந்த ஆளை அல்ல. சீசன் டிக்கெட் பணம் முன்கூட்டியே கிளப்புக்குப் போய்விட்டது, ஆட்டத்துக்குப் போகாமல் இருந்தால் நஷ்டம் ரசிகனுக்குத்தான். கிளப்புக்கு வலிப்பது, புதுப்பிக்கும் நேரத்தில் அவன் யோசிக்கத் தொடங்கும்போது. காலி நாற்காலி அதற்கு முன்னறிவிப்பு. ஏப்ரல் 20-ல் வெங்கர் விலகும் அறிவிப்பு வந்தது.

ஒன்றை மட்டும் ரசிகர்கள் அநியாயமாகப் பேசினார்கள். நாலாம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக்குக்குப் போவதையே கோப்பையாக நினைக்கிறார் என்று, "நாலாம் இடக் கோப்பை" என்ற கிண்டல். பழைய மைதானம் ஹைபரியை விட்டு 390 மில்லியன் பவுண்டு மைதானத்துக்கு 2006-ல் வந்த பிறகு, கடனைக் கட்டிக்கொண்டே, ஆண்டுதோறும் நல்ல ஆட்களை விற்றுக்கொண்டே சாம்பியன்ஸ் லீக்கில் இடம் பிடித்தார். என் கணக்கில் அந்தத் தோல்வி அறியாத சீசனுக்கு அடுத்து அவர் செய்த பெரிய வேலை அதுதான்.

அவர் போன பிறகும் நோய் உடனே தீரவில்லை. 2019-ல் ராம்சே இலவசமாக யுவென்டஸுக்குப் போனார். 2023-ல்தான் மார்டினெல்லி, புக்காயோ சாகா, சலிபா என்று கான்ட்ராக்டுகளை ஒரே ஆண்டில் வரிசையாகப் புதுப்பித்தார்கள். கார்னர், ஃப்ரீகிக் வேலைக்கு மட்டும் நிக்கோலா ஜோவர் என்று தனிப் பயிற்சியாளர் 2021-ல் வந்தார். இன்று அர்செனலுக்குக் கார்னர் கிடைத்தால் எதிரணி கோல்கீப்பர் முகத்தைப் பாருங்கள், அன்று டாசன் ஓடி வரும்போது நம் ஆட்களுக்கு இருந்த அதே முகம்.