செயின் விப் என்ற பெயரில் ஒரு தகடு

சைக்கிள் பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கான கேசட்டைக் கழற்ற உதவும் செயின் விப்புக்கு (கைப்பிடியில் செயின் துண்டுகள் பொருத்திய கருவி) இருப்பது ஒரே வேலை. கேசட்டை இறுக்கிப் பூட்டும் வளையமான லாக்ரிங்கை இடப்பக்கம் திருப்பும்போது பற்சக்கரம் கூடவே பின்னால் சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வேலைக்கும் உதவாத கருவியை எப்படித்தான் மனசாட்சியோடு விற்கிறார்களோ!

லாக்ரிங்கைப் பூட்டும்போதே 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும். அப்புறம் அது புதுச்சேரி உப்புக்காற்றை இரண்டு வருடம் குடித்திருக்கிறது. லேசில் விடுமா? போன ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டை வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுத்தினேன். நான் வாங்கிய செயின் விப்பின் 3 மில்லிமீட்டர் தடிமன் கைப்பிடி அப்படியே வளைந்தது. நிமிர்த்தி மறுபடி அழுத்தினால் ரிவெட் பிடுங்கிக்கொண்டு, என் விரல் முட்டி நேராகப் பற்களில் போய் மோதியது. நல்ல ரத்தம்.

கடைசியில் பட்டறைக்குப் போய் 6 மில்லிமீட்டர் தடிமனில் பட்டை இரும்பு ஒன்றை 40 சென்டிமீட்டருக்கு வெட்டி வாங்கினேன். இதே சைக்கிளில் தேய்ந்துபோன செயினிலிருந்து ஒரு குட்டித் துண்டு, ஒரு நீளத் துண்டு. துளை போட்டு போல்ட்டில் முடுக்கினேன். (செயினுக்கு வெல்டிங் வேண்டாம், சூட்டில் அதன் உறுதி போய்விடும்.) ஒரே அழுத்து, 'டக்'கென்று லாக்ரிங் விட்டது.

பழைய இரும்பில் நான் செய்ததை, காசு வாங்கும் கம்பெனி செய்யக்கூடாதா? முட்டி இன்னும் எரிகிறது.