"தோ வந்துட்டேன்"னு சொல்றவன் எல்லாரும் புருடா விடல

டிஸ்லெக்ஸியா, அதாவது படிக்க எழுத தடுமாற வைக்கிற கற்றல் குறைபாடுன்னு சொன்னதும் சின்னப் பசங்க எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவாங்களே அதுதானேன்னு கேக்கறாங்க. அந்தப் பசங்க வளர மாட்டாங்களா? வளர்ந்து நாப்பது வயசாகி தண்டையார்பேட்டைலயும் ராயபுரத்துலயும் நம்ம பக்கத்துலயே வேலை பாத்துக்கிட்டுதான் இருக்காங்க, யாரும் அவங்களுக்கு டெஸ்ட் எடுக்கலை அவ்ளோதான்.

எங்க செட்ல ஒருத்தன் காசிமேட்ல போட் இன்ஜின் மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே எந்த நாசில் அடைச்சிருக்குன்னு சொல்லிடுவான், ஆனா வாட்ஸப்ல நாலு வரி அனுப்பினா "வாய்ஸ்ல சொல்லு மச்சான்"னு வரும். அவன் பொண்ணுக்கு டிஸ்லெக்ஸியான்னு டெஸ்ட்ல தெரிஞ்சு ஸ்கூல்ல கூப்ட்டு ஒவ்வொன்னா விளக்கினப்போ "இன்னா மேடம், இதெல்லாம் எனக்கும் கீதே"ன்னு சிரிச்சிருக்கான். குடும்பத்துல வழிவழியா வர்ற விஷயம்தான் இது. ஆனா ஏரியால அவனுக்குப் பேரு படிக்க வராதவன்னு இல்ல, சொன்ன நேரத்துக்கு வராதவன்னுதான். அரைமணி வேலைன்னு உக்காருவான், மதியம் தாண்டிடும், அவனுக்கு என்னமோ இப்பதான் உக்காந்த மாதிரி இருக்கும், அதுக்கு ஆளாளுக்கு திமிரு, பொறுப்பில்லன்னு ஒரு பேரு வெச்சுடுவாங்க.

இந்த ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேந்து இருக்கறது தற்செயல் இல்லன்னு நினைக்கிறேன். 1995ல நிக்கல்சன், ஃபாசெட்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க டீன்ங்கறவரோட சேந்து ஒரு சோதனை பண்ணாங்க: ரெண்டு சத்தத்தைப் போட்டு எது நீளம்னு கேட்டா டிஸ்லெக்ஸியா இருக்கறவங்க தடுமாறினாங்க, எது சத்தம் ஜாஸ்தின்னு கேட்டா அந்தத் தடுமாற்றம் இல்ல. அப்போ காதுல கோளாறு இல்ல, நேரத்தை அளக்கறதுலதான் ஏதோ இருக்கு. அவங்க கைகாட்டினது சிறுமூளையை. கேம்பிரிட்ஜ்ல உஷா கோஸ்வாமின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2011ல வேற மாதிரி சொன்னாங்க, பேச்சுல அசை அசையா ஒரு தாளம் இருக்கே, அதை மூளை சரியா பிடிக்கலைன்னா எழுத்தும் சத்தமும் ஒட்டாதுன்னு. எது சரின்னு இன்னும் அடிச்சிக்கிறாங்க, டிஸ்லெக்ஸியா இருக்கற எல்லாருக்கும் நேரம் தப்பும்னு யாரும் சொல்லலை, அதையும் சொல்லிடறேன்.

இதைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது, எழுத்தைச் சொல்ல ஆகற நேரத்தை அளக்கற நம்ம தமிழ் இலக்கணத்து மாத்திரைக் கணக்கு. குறில் 1, நெடில் 2, மெய் அரை. கண் இமைக்கிற நேரம், விரல் சொடுக்குற நேரம்னு தொல்காப்பியத்துலயே அளவு வெச்சுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, பட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல இருக்கறது வெறும் நேரம்தான், கல்லு காலு பல்லு பாலு எல்லாம் அப்படித்தான். தமிழ் படிக்கறதே நேரத்தைப் படிக்கறதுதான். அது போதாதுன்னு 'கொ'ன்னு எழுதினா கொம்பு முன்னாடி கால் பின்னாடி, நடுவுல க, வாயில வர்றதோ ஒரே சத்தம். கண்ணு பாக்கற வரிசை ஒன்னு, வாய் சொல்ற வரிசை ஒன்னு. நேரம் பிடிபடாத மூளைக்கு இது எப்படி இருக்கும்? இது என் யோசனை, ஆராய்ச்சி இல்ல, யாராவது தமிழ் வாத்தியார் இருந்தா கமெண்ட்ல திட்டுங்க.

பெரியவங்க ஆனப்புறம் தப்பு குறைஞ்சிடும், வேகம்தான் வராது. படிச்சிடுவான், லேட்டா படிப்பான். எல்எல்ஆர் டெஸ்ட்ல கேள்விக்குக் கேள்வி டைமர் ஓடுது. ரோடு ரூல்ஸ் எல்லாம் அவனுக்கு அத்துப்படி, கேள்வியைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகைல கற்றல் குறைபாடும் ஒன்னு, பரீட்சைல எக்ஸ்ட்ரா டைம்லாம் உண்டு, சந்தோஷம். ஆனா அதுக்கு சர்டிபிகேட் வேணும். எட்டாவதோட ஸ்கூலை விட்டு ஒர்க்ஷாப்புக்கு வந்தவன் எந்த சர்டிபிகேட்டைக் கொண்டு போவான்? எக்ஸ்ட்ரா டைம் சலுகைன்னு பேசறவங்க இதையும் பேசணும், பேச மாட்டாங்க.

லண்டன்ல ஸ்மித்-ஸ்பார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் டிஸ்லெக்ஸியா இருக்கற பெரியவங்களையே வெச்சு பாத்திருக்காரு, இத்தனை நிமிஷம் கழிச்சு இதைச் செய்யணும்னு ஞாபகம் வெச்சுக்கற வேலைல அவங்க பின்தங்கறாங்க. நம்ம ஆளு இதெல்லாம் படிக்காமலே ஒரு வழி பண்ணி வெச்சிருக்கான், மணியே சொல்ல மாட்டான். "ஏலம் முடிஞ்சதும் வரேன்", "பொண்ணு ஸ்கூல் விட்டதும் வரேன்"ம்பான், அப்படிச் சொன்னா கரெக்ட்டா வந்து நிப்பான். அதனால அவன்கிட்ட வேலை கொடுக்கறவங்க பதினொரு மணிக்கு வான்னு சொல்லாதீங்க, ஐஸ் வண்டி வந்ததும் வான்னு வாய்ஸ் நோட் போடுங்க. ரேட்டு மட்டும் முன்னாடியே பேசிக்கோங்க, அதுல பயலுக்கு எந்தக் குறையும் கிடையாது.