தலைக்கவசத்தையும் காலணியையும் பெரிதாக வாங்காதீர்கள்

காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஆலி ஆகிய இடங்களுக்குப் பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்கு அழைத்துச் செல்வோருக்காக எழுதப்பட்ட ஒரு கட்டுரை, அடுத்த ஆண்டுக்கும் ஆகும்படி எல்லாவற்றையும் ஓரளவு பெரிதாகவே வாங்கச் சொல்கிறது. மேலங்கிக்கு அது சரி. தலைக்கவசத்துக்கும் காலணிக்கும் அது ஆபத்தான யோசனை. வாரைப் பூட்டும் முன்பே, தலையை ஆட்டினால் நகராத அளவுக்குத் தலைக்கவசம் பொருந்த வேண்டும். உள்பக்கத்தில் இஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 என்ற தரக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டிலுள்ள இருசக்கர வண்டி ஹெல்மெட் இதற்கு ஈடாகாது.

காலணி தளர்ந்திருந்தால் பிள்ளை காலைத் திருப்பினாலும் சறுக்குப் பலகை உடனே திரும்பாது. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டால், காலணி இறுகி இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் பாதத்தை மேலும் சில்லிடச் செய்யும். முழங்கால் வரை நீளும் கம்பளிச் சாக்ஸ் ஒன்றே போதும். விழும்போது காலணியைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பைண்டிங்கை, பிள்ளையின் எடை, உயரம், வயது, திறமை, காலணி அடிப்பாகத்தின் நீளம் ஆகியவற்றைப் பார்த்தே அமைக்க வேண்டும் என்பதால், எடையைக்கூடக் கேட்காமல் பலகையை நீட்டும் வாடகைக் கடையைத் தயங்காமல் தவிர்த்துவிடுங்கள்.

சென்னை வெயிலில் பருத்தியை நம்பியே பிள்ளைகளை வளர்க்கும் நாம், அங்கும் பருத்தி பனியனையே உள்ளே போட்டுவிடுகிறோம். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடல் சூட்டைப் பறித்துவிடும். உள்ளாடை மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். புதிய பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பியடிப்பதால், மேகமூட்டமான நாளிலும் கண்ணைக் காக்கும் பனிச்சறுக்குக் கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள்.