மறுபடியும் ஜேசிபி வந்தாச்சு

காலை ஆறரைக்கே தடதடவென்று சத்தம். பால்கனிக் கதவைத் திறந்தால் அழுகிய முட்டைக்கோஸையும் சாக்கடையையும் சேர்த்துக் கிண்டிய மாதிரி ஒரு நாற்றம். புரட்டாசி வந்தால் எங்கள் ஏரிக்குத் திருவிழா. ஒரு மிதவை இயந்திரம், இரண்டு ஜேசிபி, நாலு டிப்பர் லாரி, கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள நாலைந்து வெள்ளைச் சட்டைகள். பத்து நாள் ஆகாயத்தாமரையை அள்ளுவார்கள். அள்ளியதில் பாதியைக் கரையிலேயே குவித்துவிட்டுக் கிளம்புவார்கள். ஐப்பசி மழையில் குவியல் சரிந்து திரும்பத் தண்ணீருக்குள் போகும். தை பிறப்பதற்குள் ஏரி பழையபடி பச்சைப் பாய்.

ஏழு வருடமாக இதே கூத்து. "லேக் வியூ" என்று சொல்லிச் சதுர அடிக்குக் கூடுதலாக வாங்கிக்கொண்டுதான் இந்த வீட்டை எங்கள் தலையில் கட்டினார்கள். வியூ இருக்கிறது, லேக்தான் இல்லை.

"அது வெங்காயத்தாமரை சார், ஆகாயத்தாமரை என்பது வேறு மூலிகை" என்று திருத்துவதற்கென்றே சிலர் வருவார்கள். சரி, நீங்கள் சொல்வதுதான் சரி. திருநெல்வேலிப் பக்கம் அமலைச்செடி என்பார்கள். எந்தப் பெயரில் திட்டினாலும் போகமாட்டேன் என்கிறதே, அதற்கு என்ன செய்ய?

அமேசான் பக்கத்துச் செடி இது. ஊதாப்பூ அழகாக இருக்கிறதே என்று ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டார்கள். வங்காளத்தில் படகு ஓட வழியில்லாமல், நெல் வயலுக்குள் புகுந்து, 1936-இல் இதை ஒழிக்கத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அடுத்த வருடத் தேர்தலில் கட்சிகள் ஆகாயத்தாமரை ஒழிப்பை வாக்குறுதியாகக் கொடுத்தன. அமெரிக்காவில் இன்னும் தமாஷ். லூசியானாவைச் சேர்ந்த ப்ரூசார்ட் என்ற உறுப்பினர், ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்கினால் செடியைத் தின்றுவிடும், நீர்யானைக் கறியை நாம் தின்னலாம் என்று 1910-இல் அங்குள்ள நாடாளுமன்றத்தில் மசோதாவே கொண்டுவந்தார். நல்லவேளை, நிறைவேறவில்லை. நாம் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. வருடா வருடம் ஜேசிபியை இறக்குகிறவர்கள்தானே நாம்.

கணக்கைப் பாருங்கள். சாக்கடை கலந்த சூடான தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள் செடி இரட்டிப்பாகும். ஓரத்தில் நாலு கொத்து விட்டுவைத்தால் போதும், அது பார்த்துக்கொள்ளும். விதை சேற்றுக்குள் பதினைந்து, இருபது வருடம் கூட உயிரோடு கிடக்கும். மேலே இருக்கிற செடியை வழித்ததும் வெயில் அடிமண் வரை இறங்கும், தூங்குகிற விதை எழுந்துகொள்ளும். அப்புறம் இந்தச் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். டிப்பரில் ஊர்வலம் போவது முக்கால்வாசி எங்கள் ஏரித் தண்ணீர். அதற்கு லோடு கணக்கில் பில்.

கொசு கதை தனி. மான்சோனியா என்று ஒரு கொசு. அதன் புழு மற்றப் புழுக்கள் மாதிரி மூச்சு விட மேலே வராது. ஆகாயத்தாமரை வேரில் குழாயைச் செருகி, செடிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே கிடக்கும். யானைக்கால் நோயைப் பரப்புகிற வகைகளில் இதுவும் ஒன்று. நாங்கள் புகார் கொடுத்தால் தெருவில் புகை அடிக்கிறார்கள். வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற புழுவுக்குத் தெருப்புகை என்ன செய்யும்? எங்களுக்குத்தான் இருமல்.

என் வயிறு எரிவதற்குக் காரணம், இதற்கு வழி இல்லை என்பது அல்ல. வழி இருக்கிறது. நாற்பது வருடமாக இருக்கிறது. நியோகெடினா என்ற கூன்வண்டு, நீளம் நாலைந்து மில்லிமீட்டர். செடியின் சொந்த ஊரிலேயே அதைத் தின்று பிழைப்பது. வேறு பயிரைத் தொடுமா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் 1982-இல் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள், அடுத்த வருடத்திலிருந்து ஏரிகளில் விட்டார்கள். வளர்ந்த வண்டு இலையைச் சுரண்டும், புழு தண்டைக் குடைந்து குருத்து வரை போகும். செடி ஒரே நாளில் சாகாது. பூ குறையும், குட்டி போடுவது குறையும், கனம் தாங்காமல் மெல்ல மூழ்கும். விக்டோரியா ஏரியில் உகாண்டாவும் கென்யாவும் தொண்ணூறுகளின் பாதியில் இதை விட்டன, சில வருடங்களில் பச்சைப் போர்வை பெருமளவு விலகியது. எல்நினோ மழையும் அலையும் உதவின என்பார்கள், உதவட்டுமே.

அவ்வளவு தூரம் எதற்கு? பக்கத்தில் கேரளாவில் ஆப்பிரிக்கன் பாயல் என்கிற சால்வினியா, அதுவும் மிதக்கிற களைதான், குட்டநாட்டு வாய்க்கால்களை மூடிக்கொண்டிருந்தது. எண்பதுகளில் அதற்கென்று வேறொரு கூன்வண்டை விட்டார்கள், சில வருடங்களில் வாய்க்கால் திறந்தது. இங்கேயே பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கிறதா? கோவை, ஈரோடு பக்கம் பப்பாளி, மல்பெரி எல்லாம் வெள்ளையாகிப் போய், மருந்தடித்து அடித்து ஓய்ந்து, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த கண்ணுக்குத் தெரியாத குளவிதான் அடக்கியது. அது நம் விவசாயிகளுக்குத் தெரியும். ஏரிக்கு மட்டும் ஏன் தெரியமாட்டேன் என்கிறது?

ஏனென்றால் வண்டுக்கு இரண்டு மூன்று வருடம் வேண்டும். முட்டையிலிருந்து வண்டாக வருவதற்கே மூன்று மாதம் போல ஆகும். கூட்டுப்புழு வேரில்தான் இருக்கும். அது பெருகி வருகிற நேரத்தில் செடியை வேரோடு அள்ளிக் கரையில் போட்டுவிட்டால், வண்டும் சேர்ந்துதானே வெயிலில் காயும்? வண்டுக்கு மணிக்கணக்கில் வாடகை போட முடியாது, முன்னால் நின்று கொடியசைக்க முடியாது. கொடியசைக்க முடியாத வேலை இந்த ஊரில் நடக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவதில் நான் பாரபட்சம் பார்ப்பதில்லை. சாக்கடை நிற்காவிட்டால் வண்டாலும் முடியாது. கழிவுநீர் என்பது செடிக்கு உரம். வண்டு தின்கிற வேகத்தைவிடச் செடி துளிர்க்கிற வேகம் கூடிவிடும். எங்கள் அடுக்ககத்துச் சுத்திகரிப்புத் தொட்டி, யாராவது பார்வையிட வருகிற அன்றைக்கு மட்டும்தான் ஓடும். "கரண்டு பில் யார் கட்டுவது?" என்று பொதுக்குழுவில் கேட்டு என்னை உட்கார வைத்தவரேதான் ஏரி நாறுகிறது என்று முதல் ஆளாகப் புகார் எழுதுபவர்.

இது போதாதென்று "மீனை விட்டால் சரியாகிவிடும்" குழு. கம்பூசியா மீனை 1928-இல் கொசுவைத் தின்னத்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது நம்மூர் மீன்களின் முட்டை, தவளைக் குஞ்சு எல்லாவற்றையும் சேர்த்துத் தின்கிறது. ஆகாயத்தாமரையை மட்டுமே தின்னும் என்று சோதித்து விட்ட வண்டும், கிடைத்ததைத் தின்கிற மீனும் ஒன்றா? போன மாதம் மூன்றாவது மாடிக்காரர் வீடு மாறும்போது, தொட்டியில் இருந்த சக்கர் மீனைப் புண்ணியம் என்று ஏரியில் விட்டுவிட்டு வந்தார். அதுவும் தென் அமெரிக்காதான். முள்ளும் செதிலுமாக வலையைக் கிழிக்கிற மீன். கரையில் வலை வீசுகிற பெரியவர் என்னிடம் காட்டிய கிழிசலை அவரிடம் போய்ச் சொன்னேன். "பாவம் சார், அதுவும் ஒரு உயிர்தானே" என்றார்.

இன்று காலை கரைக்குப் போய்க் குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்துப் பார்த்தேன். இலை முழுக்கச் சின்னச் சின்னச் சுரண்டல். தண்டைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு. யார் விட்டார்களோ, எங்கிருந்து வந்ததோ, வண்டு தானாகவே வந்து வேலையை ஆரம்பித்திருக்கிறது. ஓடிப்போய் ஜேசிபி ஓட்டுகிற தம்பியிடம் காட்டினேன். குனிந்து நன்றாகத்தான் பார்த்தான்.

"பூச்சி அடிச்சிருக்கு சார். கவலைப்படாதீங்க, சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடுவோம்" என்றான்.