பேராசிரியரை அல்ல, சீனியரைத்தான் பார்க்கிறார்கள்

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு யார் முன்மாதிரி என்று கேட்டால் எல்லோரும் பேராசிரியரைத்தான் கை காட்டுவார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். பேராசிரியர் எட்டாத உயரத்தில் இருக்கிறார். வார்டுக்குள் முதன்முதலாக நுழைகிற மாணவர் உற்றுப் பார்ப்பது இரண்டு வருடம் மூத்த சீனியரை. அவர் எப்படி நிற்கிறார், நோயாளியை எப்படிக் கூப்பிடுகிறார், எதற்குச் சிரிக்கிறார், எல்லாமே ஒட்டிக்கொள்ளும்.

வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும், அந்த இடத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும், தொடும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கடகடவென்று ஒப்பித்தும் விடுவார்கள். ஆனால் ஒரு சீனியர் திரையை இழுத்து மூடிவிட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கட்டிலோரம் குனிந்து, பெரியவரின் முகத்தையே பார்த்தபடி மெதுவாக அழுத்துகிறார். முடிந்ததும் போர்வையைச் சரிசெய்துவிட்டு 'நன்றிங்க ஐயா' என்கிறார். இதைப் பக்கத்தில் நின்று ஒருமுறை பார்த்தவருக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அதே சீனியர் ஒரு நோயாளியைப் பெயர் சொல்லாமல் 'அந்தப் பதினாலாம் பெட் லிவர்' என்று சொன்னால் அதுவும் மறக்காது. அங்கேதான் சிக்கல்.

பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்கள் இப்படித்தான் கைமாறுகின்றன. மருத்துவக் கல்வியை ஆராய்ந்த ஹாஃபர்ட்டியும் ஃபிராங்க்ஸும் 1994-லேயே இதை 'மறைமுகப் பாடத்திட்டம்' என்று சொல்லி எழுதினார்கள். அறநெறி வகுப்பில் ஒன்றைக் கேட்டுவிட்டு வராந்தாவில் வேறொன்றைப் பார்த்தால், மனதில் தங்குவது வராந்தாதான். 2009-இல் அமெரிக்க மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், மூன்றாம் ஆண்டில் அவர்களின் பரிவு உணர்வு கணிசமாகக் குறைந்திருந்தது. நோயாளிகளோடு அதிகம் பழகத் தொடங்கும் ஆண்டு அது!

சரி, யார் நல்ல சீனியர்? மெடல் வாங்கியவர்தான் என்று நான் நம்பவில்லை. ஈசிஜி புரியாமல் தான் விழித்த காலம் இன்னும் நினைவில் இருப்பவர், ஜூனியர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்பதைப் பேராசிரியரைவிடச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார். கேள்விக்குப் பதில் தெரியாதபோது 'எனக்கும் தெரியலை, வா, பார்க்கலாம்' என்று ஜூனியர் எதிரிலேயே சொல்பவர் இன்னும் மேல். நாளைக்கு அந்த ஜூனியரும் வாய்க்கு வந்த மருந்தளவைச் சொல்லிச் சமாளிக்க மாட்டார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லித் திரியும் சீனியர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது.

கல்லூரிகள் 'வழிகாட்டி மாணவர்' பட்டியல் தயாரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகின்றன. பெரும்பாலும் அறிமுகக் கூட்டத்தோடு சரி. சீனியர்களுக்குப் பரீட்சை இருக்கிறதே, நேரம் எங்கே என்பார்கள். தனி நேரமே வேண்டாம். எப்படியும் ஒரு நோயாளியை விசாரித்துப் பரிசோதித்து கேஸ் எடுக்கத்தானே போகிறார்? போகும்போது ஒரு ஜூனியரையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.