பாட்டிலுக்குப் பத்து ரூபாய், சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஏன் இல்லை?

நீலகிரியில் சுற்றுச்சூழலுக்காக எத்தனையோ நடக்கிறது. ஊர்வலம், உறுதிமொழி, மரக்கன்று, மஞ்சப்பை. இதில் கண்ணால் பார்த்துச் சொல்லும்படி பலன் கொடுத்தது எது என்று கேட்டால், டாஸ்மாக்கின் பத்து ரூபாய் பாட்டில் திட்டம் என்றுதான் சொல்வேன். காலேஜ் படிக்கிற பெண்ணுக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று வீட்டில் அம்மா கேட்டார். எனக்கு இதைத்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது.

மலைக்குக் கீழே சமவெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். காட்டிலும் ரோட்டோரத்திலும் குடித்துவிட்டு வீசும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் சொன்ன பிறகு 2022 மே 15 முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் சேர்த்து வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கைக்கு வந்துவிடும். அவ்வளவுதான் திட்டம். அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போனது.

இதன் பலனை நான் பார்த்தது கவாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கட்டையாக வெட்டிவிட்ட, தேயிலைத் தோட்டத்தில். கோத்தகிரிப் பக்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சரிவில் என் சித்தி கொழுந்து பறிக்கிறார். செடி நன்றாக இருக்கும்போது மேலே இலைதான் தெரியும், அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டினால்தான் தரை வெளியே வரும். அந்தத் திட்டம் வருவதற்கு முன்னால் வெட்டியபோது தூர்களுக்கு நடுவே குவார்ட்டர் பாட்டிலும், கழுத்து உடைந்த பீர் பாட்டிலும், அடிப்பாகம் மட்டும் மேலே பார்த்தபடி மண்ணில் புதைந்த கண்ணாடியுமாகக் கிடந்தது. ரப்பர் பூட்ஸைக் கிழித்துக்கொண்டு ஏறிய ஒரு சில்லின் தழும்பு சித்தியின் குதிகாலில் இன்னும் இருக்கிறது. போன கவாத்தில் அதே சரிவில் பாட்டில் என்று பெரிதாக எதுவும் இல்லை.

இருந்தது பூராவும் பாக்கெட். சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே, பான் மசாலா. வெளிப்பக்கம் அச்சு வெளுத்து எந்தக் கம்பெனி என்றே தெரியாது, ஆனால் உள்பக்கம் அந்த வெள்ளி நிறம் மட்டும் அப்படியே பளபளக்கும். நான் ஒன்றைப் பிடித்து இழுத்தேன், லேசில் வரவில்லை. உள்ளே மண் நிரம்பி, தேயிலையின் மெல்லிய வேர்கள் அதற்குள் புகுந்து வெளியே வந்திருந்தன. ஒரே சரிவு, ஒரே ரோடு, வருகிற டூரிஸ்ட்டும் அதே மாதிரி ஆட்கள்தான். பாட்டில் போய்விட்டது, பாக்கெட் இருக்கிறது. ஏன் என்று அன்றைக்கு ஆரம்பித்த யோசனைதான் இந்தப் பதிவு.

குடிப்பவர்கள் எல்லாரும் திடீரென்று இயற்கை ஆர்வலர்களாக மாறிவிடவில்லை. காருக்குள் உட்கார்ந்து குடித்துவிட்டு இன்றைக்கும் வீசுகிறார்கள். ஆனால் வீசிய பாட்டில் அங்கேயே கிடப்பதில்லை. எங்கள் லைனில் இருக்கும் ஒரு தாத்தா காலையில் சாக்கோடு கிளம்பிவிடுவார், அவருக்கு அது அன்றைய டீச்செலவும் மாத்திரைச் செலவும். விலை இருக்கிற பொருள் ரோட்டில் கிடக்காது. பழைய இரும்புக் கடைக்காரர் இரும்பு எடுப்பார், அட்டை எடுப்பார், தண்ணீர் பாட்டில் எடுப்பார். சிப்ஸ் கவரை எந்தக் கடையிலும் எடுக்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது என்பதால் அதைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது கஷ்டம், சிமென்ட் ஆலையில் எரிக்க அனுப்பலாம், மலையில் இருந்து அதை அனுப்ப லாரி வாடகை யார் கொடுப்பது?

எங்களுக்கு காலேஜில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடம். உச்ச நீதிமன்றம் 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் சொன்னதன் தொடர்ச்சியாக பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பட்டப் படிப்புகளுக்கு எல்லாம் கொண்டுவந்த பாடம் அது. நல்ல பாடம்தான், நான் விரும்பிப் படித்தேன். ஆனால் அதில் திரும்பத் திரும்ப வருவது தனி மனிதரின் பழக்கமும் பொறுப்பும். என் வகுப்பில் யாருக்கும் அக்கறை குறைவு என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் பிஸ்கட் தின்றுவிட்டுக் கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிற பிள்ளைகள் அதிகம். சரி, வீட்டுக்குக் கொண்டு போகிறோம். அதற்கப்புறம்? தூய்மைக் காவலர் அக்கா தள்ளுவண்டியில் எடுத்துப் போவார். மக்குவது உரமாகும், விலை போவது விலைக்குப் போகும், இந்தக் கவர் மட்டும் மூட்டையாகக் கட்டிக் கிடக்கும், இல்லை என்றால் எங்காவது எரியும். இத்தனை பேரின் நல்ல மனசு அந்த மூட்டைக்குள் போய் முடிகிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. என் தோழிகள் மேல் வருகிற கோபம் இல்லை இது.

நல்ல எண்ணம் மட்டும் போதும் என்றால் இந்த மலைக்கு எந்தக் குறையும் வந்திருக்காது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் ஆஸ்திரேலியாவில் இருந்து சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் கொண்டுவந்தபோது விறகுக்கு ஆகும் என்று நினைத்துத்தான் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிட சீகைப் பட்டை, செயற்கை நூலிழைக்கு மரக்கூழ் என்று புல்வெளி புல்வெளியாக நட்டார்கள். அந்தப் புல்லும் சோலையும்தான் மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விட்டவை, தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் அங்கேதான். சீகை மாதிரி வெளியில் இருந்து வந்து பரவிய மரம் செடிகளை அகற்ற அரசாங்கமே 2022-ல் ஒரு கொள்கை போட வேண்டியதாகிவிட்டது. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் எந்தச் சரிவு என்று பார்க்காமல் குழி தோண்டுகிற நிகழ்ச்சிகளுக்குப் போக எனக்கு இதனால்தான் மனசு வருவதில்லை. புல்வெளியில் மரம் நட்டால் அது பசுமை ஆகாது.

தடைக்கு வருகிறேன். பிளாஸ்டிக் விஷயத்தில் நீலகிரி மற்ற ஊர்களுக்கு முன்னோடி. மாநிலம் முழுக்க 2019 ஜனவரி 1-ல் தடை வந்தது என்றால், இங்கே சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்த காலத்திலேயே கேரி பேக்கை நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலைத் தடை செய்தபோது வாட்டர் ஏடிஎம் வைத்தார்கள், ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் ஒரு லிட்டர். அந்த மெஷின் ஓடுகிற இடத்தில் ஜனங்கள் பாட்டிலோடு வரிசையில் நிற்கிறார்கள், டூரிஸ்ட் உட்பட. நாணயம் சிக்கி நின்றுபோன இடத்தில் பக்கத்துக் கடையில் கவுண்டருக்கு அடியில் இருந்து பாட்டில் வெளியே வருகிறது. குழந்தை தாகம் என்று அழும்போது யாரிடம் போய் நெறிமுறை பேசுவது?

மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் வாங்க வேண்டிய இ-பாஸும் எனக்கு இதே கணக்குதான். எங்கள் அப்பா டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர், அதனால் இது எங்கள் வீட்டு அடுப்பைத் தொடும் விஷயம். 2024 மே 7-ல் ஆரம்பித்தார்கள். 2025 ஏப்ரலில் இருந்து ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் வரம்பு இருக்கவில்லை. அந்தச் சமயம் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள், அப்பாவும் சவாரி போகவில்லை. ஆனால் அவர் ராத்திரி சாப்பிடும்போது சொன்னதை நான் எந்தக் கட்டுரையிலும் படிக்கவில்லை. "நிறுத்தணும்னா மேட்டுப்பாளையத்திலேயே நிறுத்தட்டும்மா. அங்க வண்டி போட நல்ல இடம் கொடுத்து, மேல வர பஸ்ஸும் எங்க வண்டியும் இருந்தா எங்களுக்கும் பிழைப்பு, மலைக்கும் நல்லது. வெறுமனே செக்போஸ்ட்ல போனைக் காட்டுன்னா என்ன பிரயோஜனம்?" கல்லாறு தாண்டி பர்லியாறு வளைவுகளில் மே மாசம் வண்டிகள் நகராமல் நிற்பதை வாழ்நாளெல்லாம் பார்த்தவர் அவர். வரம்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்த மலை இது, 2009 நவம்பர் நிலச்சரிவில் நாற்பது பேருக்கு மேல் இறந்த மலை, இன்னும் எத்தனை ரிசார்ட்டையும் எத்தனை ரோட்டையும் இதன் தலையில் ஏற்றுவது? ஆனால் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அதற்குப் பதில் என்ன என்பதையும் கையோடு வைக்க வேண்டும்.

இப்போது அந்தப் பாக்கெட். சட்டம் இல்லாமல் இல்லை. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பாக்கெட்டில் பொருளை விற்கிற கம்பெனிதான் அந்தக் கழிவுக்கும் பொறுப்பு. ஆனால் நடைமுறையில் இது டன் கணக்கு, சான்றிதழ் கணக்கு. எங்கோ ஒரு நகரத்தில் அதே அளவு பிளாஸ்டிக்கைச் சேர்த்துக் காட்டினால் கணக்கு நேராகிவிடும், சித்தியின் தோட்டத்தில் வேரோடு கிடக்கிற கவர் யார் கணக்கிலும் வராது. பத்து ரூபாய் திட்டத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பாட்டில், இந்த மலையில், இந்தக் கடைக்குத் திரும்பி வந்தால்தான் காசு.

டாஸ்மாக் ஒரே முதலாளி, பெட்டிக்கடையில் ஆயிரம் கம்பெனி சரக்கு, இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாஸ்மாக்கிலேயே காலி பாட்டிலை வைக்க இடமில்லை, வேலை கூடுகிறது என்று ஊழியர்கள் போராடினார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அந்த வேலைக்குத் தனி ஆளும் தனிக் கூலியும் கொடுத்திருக்க வேண்டும். அதனால் எல்லாக் கடையிலும் ஒரே நாளில் ஆரம்பிக்கச் சொல்லவில்லை. தொட்டபெட்டா, பைக்காரா படகு இல்லம், தாவரவியல் பூங்கா மாதிரி டிக்கெட் வாங்கி உள்ளே போகிற இடங்களில் ஆரம்பிக்கலாம். உள்ளே விற்கிற, உள்ளே போகிற பாக்கெட்டில் ஒரு ஸ்டிக்கர், முன்பணம் ஐந்து ரூபாய், வெளியே வரும் வாசலில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கேதார்நாத்தில் 2022-ல் தண்ணீர் பாட்டிலுக்கு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டி 10 ரூபாய் முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஏற்றத்தில், அந்தக் கூட்டத்தில் முடிந்தது இங்கே முடியாதா? சேர்ந்த கவரைக் கீழே கொண்டு போகும் லாரி வாடகையைக் கம்பெனிகள் தரட்டும். இங்கே விற்று லாபம் எடுப்பவர்கள் அவர்கள்தானே.

அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊராட்சியில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர மனு எழுதி வைத்திருக்கிறேன். ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் வியூ பாயின்ட் கடைகளில் முன்பணம், வாங்கி வைக்க ஒரு கொட்டகை, அதைப் பார்க்கிற ஆளுக்குச் சம்பளம், நின்றுபோன வாட்டர் ஏடிஎம்மைச் சரிசெய்வது, இந்த நான்குதான் அதில் இருக்கிறது. சித்தி கையெழுத்துப் போட்டுவிட்டார், கூடப் பறிக்கிற அக்காக்களும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் ஊராட்சியிலும் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், மனுவின் நகலை அனுப்புகிறேன். கடை வைத்திருப்பவர்கள் இதில் எது நடக்காது, ஏன் நடக்காது என்று சொன்னால் இன்னும் நல்லது, கொடுப்பதற்கு முன்னால் திருத்திக்கொள்வேன்.